வேளா மீனும் அறுக்காத வலையும்

சுனாமி அடித்த மறு வருடம், மாரி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலை. இடம் குருக்கள்மடத்து வாவிக்கரை; கடலோடு கலக்கும் அந்த வாவியை ஊரார் ஆறு என்றுதான் சொல்வார்கள். நான் அப்போது மீன்பிடி அலுவலகத்தில் கள உத்தியோகத்தர். சுற்றறிக்கைகளைத் திறந்து பார்க்காமலே இலக்கத்தோடு சொல்லக்கூடியவன் என்று அலுவலகத்தில் எனக்கொரு பெயர் இருந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அன்று நான் போனது நிவாரண வலைகளைச் சரிபார்க்க. சுனாமியில் கடல் தோணியைப் பறிகொடுத்தவர்கள் வாவியிலாவது தொழில் செய்யட்டும் என்று ஆளுக்கொரு வலை கொடுத்திருந்தோம். கொடுத்த வலையை வைத்திருக்கிறார்களா, விற்றுவிட்டார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும். பட்டியலில் முதல் ஆள் வீட்டில் இல்லை. வாவிக்குள் இடுப்பளவு தண்ணீரில் வலையைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவருடைய மனைவி கரையில் நின்று என் கையிலிருந்த பட்டியல் கோவையைப் பார்த்தார்.

"வலை பார்க்க வந்தீங்களா சேர்? வலைய மீனெல்லோ வச்சிரிக்கு. இறங்கிப் போய்க் கேளுங்க."

சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினேன். கிட்டப் போனதும் கால் நின்றுவிட்டது. வலைக்குள் இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு மீன். முன்னால் பலகை போல நீண்ட மூக்கு, அதன் இரு ஓரத்திலும் மரம் அறுக்கும் வாளின் பற்கள். வேளா. அதுவரை நான் படத்தில் மட்டும் பார்த்த மீன்.

பார்வைக்குச் சுறா மாதிரி இருந்தாலும் வேளா திருக்கை இனம். செவுள்கள் பக்கத்தில் இல்லாமல் உடம்பின் அடியில் இருக்கும். கலங்கிய தண்ணீரில் சேற்றோடு ஒட்டிக் கிடக்கும் இரையின் மெல்லிய மின்துடிப்பைக்கூட அந்த வாளால் உணர்ந்துகொள்ளும். முட்டையிடாமல் குட்டி போடும். குட்டிகள் வளர்வதற்காக உப்புக் குறைந்த களப்புகளையும் ஆற்று முகங்களையும் தேடி வரும். பிறந்த குட்டி ஒரு தாயாக ஆவதற்குப் பல வருடங்கள் போகும். அதனால் ஒன்றைப் பிடித்தால் அந்த இடம் இலேசில் நிரம்பாது. வாள் வலைக்கண்ணில் சிக்கினால் அதனால் தானாக விடுபடவும் முடியாது. இவ்வளவையும் பயிற்சிக் காலப் பரீட்சையில் எழுதிப் பாராட்டு வாங்கியவன் நான்.

வலைக்காரருக்குப் பரீட்சை தேவைப்படவில்லை. மீனின் வயிற்றை ஒரு பார்வை பார்த்து, "பிள்ளைத்தாச்சி, சேர்" என்றார். "குட்டியோட ஆத்துக்க வாறதை நாங்க எடுக்கிறல்ல. மூக்கில சுத்தின வலைய அறுத்துவிட்டாப் போயிரும். ஆனா அறுத்தா எனக்கு வலை இல்ல. வேற ஒண்டு தருவீங்களா?"

கத்தி அவர் கையில் தயாராக இருந்தது. என் வாயும் தயாராக இருந்தது. வெள்ளத்தில் போனால், களவு போனால், மீனால் சேதமானால் விண்ணப்பிக்கலாம், பயனாளி தானாக அறுத்ததற்கு மாற்று வலை கொடுக்க ஏற்பாடில்லை என்றேன். பந்தி இலக்கத்தையும் சொன்னேன்.

"அப்ப மீன் கிழிச்சதெண்டு எழுதிருங்க."

"அது பொய்யல்லவா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது விளங்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே நேரத்தில் எங்கள் அலுவலகக் களஞ்சியத்தில் பிரிக்காத வலைப் பொதிகள் அடுக்கியிருந்தன. கொடுத்த நிறுவனத்தின் பட்டியலும் எங்கள் பட்டியலும் ஒத்துவராததால், கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வரும்வரை அவற்றைத் தொடக்கூடாது. களஞ்சியப் பூட்டின் திறப்பு என் மேசை இலாச்சியில் இருந்தது.

கரையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "கடலுக்குக் குடுத்தது காணாதா? இனி ஆத்துக்கும் குடுக்கப் போறீங்களா? இழுங்க."

அவர் கத்தியை இடுப்பில் செருகினார். பக்கத்துத் தோணிக்காரர்கள் வந்தார்கள். கரைக்கு இழுக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. அது அடித்த அடியில், காப்பாற்ற நினைத்த வலை நார் நாராகப் போனது. கரையில் கோடாலியால் முடித்தார்கள். வயிற்றைக் கீறியபோது குட்டிகள் வந்தன. தாயின் வயிற்றைக் கிழிக்காதபடி ஒவ்வொன்றின் சின்ன வாளும் மெல்லிய சவ்வுறைக்குள் இருந்தது. புத்தகத்தில் உள்ளபடியேதான். குட்டிகளின் வயிற்றில் இன்னும் மஞ்சட்கரு ஒட்டியிருந்தது. இரண்டு மூன்று அசைந்தன.

இழுக்கச் சொன்ன அந்த அம்மாதான் அசைந்தவற்றை மடிச்சேலையில் ஏந்திக்கொண்டு தண்ணீருக்கு ஓடினார். விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். அவை மல்லாந்து மிதந்தன. திரும்பி வந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"இப்ப மீன்தானே சேர் கிழிச்சிரிக்கு. இப்ப எழுதலாந்தானே?"

எழுதினேன். மூன்று பிரதிகளில், சிபாரிசோடு. சேதமடைந்த வலையின் புகைப்படத்தை இணைக்கும்படி பதில் வந்தது. படம் எடுத்து அனுப்பினேன். கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் கேட்டு மறுபடியும் ஒரு கடிதம் வந்தது. அதற்குள் சண்டை தொடங்கி, ஊர்கள் இடம்பெயர்ந்து, கோவை எந்த அலுமாரிக்குப் போனதென்று எனக்கே தெரியாமல் போனது. யுத்தம் முடிந்து களஞ்சியத்தைத் திறந்தோம். எலி தின்றதுபோக மிஞ்சியிருந்த வலைகள் இற்றுப்போயிருந்தன. அழிப்பதற்கு ஒரு குழு நியமித்தார்கள். அதில் நானும் ஒருவன். முறைப்படி எரித்து, முறைப்படி கையொப்பமிட்டோம். என் உத்தியோக வாழ்வில் ஒரு குறையும் இல்லாமல் நடந்தேறிய வேலை அது.

அந்த வலைக்காரரைப் பிறகு ஒரு நாள் பஸ்ஸில் கண்டேன். ஓட்டமாவடியில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்குவதாகச் சொன்னார். தொழில் எப்படி விட்டுப் போனது என்று நான் கேட்கவில்லை. அவராகவே அந்த மீனைப் பற்றிப் பேசினார். அதற்குப் பிறகு அப்படி ஒன்றை ஒருவரும் காணவில்லையாம். இறங்கும்போது என் தோளைத் தொட்டு, "நீங்க என்ன செய்யுற சேர், சட்டம் அப்பிடி" என்றார்.

என்னை ஏசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சட்டம் அப்படி இல்லை, மீன் சிக்கியதால் அறுத்ததும் மீனால் வந்த சேதம்தான், சட்டத்தை அப்படி வாசித்தவன் நான், களஞ்சியத்தில் வலை கிடந்தது என்று அவரிடம் சொல்லப் பஸ் நின்ற அந்த நேரம் எனக்குப் போதுமாயிருந்தது. ஒரு பொய்யை எழுத மறுத்த நான், அந்த உண்மையை அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் அவருடைய பெயரில்லாமல் உங்களிடம்தான் சொல்கிறேன்.