காய்ச்சல் இல்லை என்று எழுதிய வீடுகள்

எனக்குக் கோவையாக எழுத வராது. நான்காம் வகுப்போடு நின்ற படிப்பு. பிழை இருக்கும், நடுவில் சிலது மறந்தும் போயிருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லச் சொன்னால் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு எழாது. அந்தக் கூச்சத்தால் வந்த வினையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கம்பத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வண்டன்மேட்டுக்கு ஏறிவந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். எனக்கு ஸ்டோரில் வேலை. பச்சை ஏலக்காயைக் காயவைக்கும் கட்டடத்தை ஸ்டோர் என்போம். வெளியே அடுப்பில் விறகு எரியும், சூடு தகரக் குழாயில் புகுந்து உள்ளே சுற்றிவரும். மலைக்குளிரில் அவ்வளவு கதகதப்பான இடம் வேறு கிடையாது. குளிர்காய்ச்சல் வந்து பல்லடிக்கும் பிள்ளைகளை அங்கேதான் சாக்கு விரித்துப் படுக்கவைப்போம். கங்காணியும் கண்டும் காணாமல் போவார்.

பக்கத்து வீட்டு மதினிக்கு ஒரே மகள். ஐந்து வயதிருக்கும். ஏல அரிசியை நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு என் முகத்தில் ஊதி, "வாசம் வருதா அத்தே?" என்று கேட்பாள். ஒருநாள் விட்டு ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் வரும். அந்தக் காய்ச்சல்காரர்களுக்கு விழும் கட்டி அவளுக்கும் வயிற்றின் இடப்பக்கம் இருந்தது. கட்டி கரையச் சூடு போட்ட தழும்பும் அங்கே உண்டு.

ஐப்பசி மாதம் என்று நினைக்கிறேன். மதராசில் டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் தோட்டம் தோட்டமாக வந்து, காய்ச்சல்காரர்களைக் கணக்கெடுக்கிறார்கள் என்று சேதி வந்தது. கங்காணி லயத்து வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"சீக்குக்காரன்னு எவன் பேரு எழுதுனாலும் குடும்பத்தோட மலையெறக்கிருவாங்க. பெறகு எங்கிட்ட வந்து அழக்கூடாது."

கீழே போனால் என்ன இருக்கிறது? மழை பொய்த்துத்தான் எல்லோரும் மேலே வந்தோம். விடிந்ததும் பெண்கள் காய்ச்சல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தார்கள். கதவைத் திறந்துவிட்டவள் நான்தான். காய்த் தட்டுகளுக்குப் பின்னால் வரிசையாகப் படுக்கவைத்தோம். மதினி தன் மகளைக் கடைசியில் கிடத்தி, "சத்தம் போடாம கிடடி, தங்கம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகாமல் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வந்தவர்களில் ஒருத்தி பெண். கண்ணாடி போட்டிருந்தாள். ஆண் பிள்ளைகள் மற்ற லயங்களுக்குப் போக, எங்கள் லயம் அவளுக்கு. எழுதத் தெரிந்தவள் என்று கங்காணி என்னை அவளோடு அனுப்பினார். அவள் கேட்கவேண்டும், நான் நோட்டில் எழுதவேண்டும். நடக்கும்போது நான் நோட்டைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டாள்.

"ஏன் பயப்படறீங்க?"

"ஒண்ணுமில்லங்கம்மா."

"யாரையும் அனுப்பறதுக்கு நாங்க வரலை. எந்த லயத்துல காய்ச்சல் ஜாஸ்தின்னு எழுதிக் குடுக்கறோமோ, அங்கதான் அதுக்கான கொய்னா மாத்திரை வரும். அதுக்குத்தான் இந்த நோட்டு."

அவள் சொன்னது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அதுதான் என் பாவம். விளங்கவில்லை என்றால் இத்தனை வருஷம் இதைச் சுமந்திருக்க வேண்டாம். ஓடிப்போய்ப் பெண்களிடம் சொல்லியிருக்கலாம். அத்தனை பேருக்கு முன்னால், கங்காணி சொன்னது பொய் என்று நான் எப்படிச் சொல்வேன்? அடுத்த வீட்டில் சொல்லலாம், அதற்கடுத்த வீட்டில் சொல்லலாம் என்றே நடந்தேன்.

மூன்றாம் வீட்டில் இருந்த பிள்ளையின் வயிற்றை அவள் அமுக்கிப் பார்த்தபோது, அந்த வீட்டுக் கிழவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏந்தாயி, வயித்த அமுக்கிப் பாக்கவா இம்புட்டுப் படிப்பு? காலாகாலத்துல கல்யாணம் முடிச்சிருந்தா இந்நேரம் உன் வயித்த நாங்க தொட்டுப் பாத்திருப்போம்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். காய்ச்சல் உண்டா என்றால் மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே பதில். நானும் 'இல்லை', 'இல்லை' என்று எழுதிக்கொண்டே வந்தேன். ஐந்தாம் வீடு மதினி வீடு. "பிள்ளை இருக்கா?" என்று கேட்டதற்கு, "அது எங்காத்தா ஊருக்குப் போயிருக்கு" என்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அங்கேயும் 'இல்லை' என்றே எழுதினேன்.

திரும்பும்போது ஸ்டோர் பக்கம் வந்ததும் உள்ளே இருமல் கேட்டது. அவள் நின்றுவிட்டாள்.

"யாரு உள்ள?"

"தீ போடுறவருங்கம்மா."

"கதவைத் திறந்து பாக்கலாமா?"

"தெறந்தா காத்துப் புகுந்து காயோட பச்சை வெளுத்துரும்மா. தொரை வைவாரு."

பச்சை நிறம் போனால் காய்க்கு மதிப்பில்லை என்பது உண்மைதான். அதனால் என் பொய் மெய்யைப் போலவே வந்தது. அவள் நோட்டைப் பார்த்தாள். "சுத்தி எல்லா தோட்டத்துலயும் வயித்துக்கட்டி. இங்க மட்டும் ஒண்ணுகூட இல்லையா? உங்க தண்ணி அவ்வளவு நல்ல தண்ணியா?"

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வாய் திறந்திருந்தால் உண்மை வந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

மழை விட்ட பிறகு, ஓடைக்கு அந்தப்புறத்துத் தோட்டத்துக்கு மாத்திரை வந்தது. மதினி தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே இருந்த கம்பவுண்டரிடம் போனாள். அவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க லயத்துல காய்ச்சலே இல்லைன்னுல்ல எழுதியிருக்கு? இவங்களுக்கே அளந்துதான் வந்திருக்கு" என்று சொல்லி, இரண்டு நாளைக்கு மட்டும் கொடுத்தாராம்.

திரும்பி வந்த மதினியிடம் அப்போதுதான் சொன்னேன், அந்தப் பெண் வழியில் என்னிடம் சொன்னதை. சண்டை போடுவாள் என்று நினைத்தேன். மகள் நெற்றியைத் துடைத்தபடியே, "தெரிஞ்சும் ஏன் புள்ள சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

தை பிறப்பதற்குள் பிள்ளை போய்விட்டது. கடைசிக் குளிருக்கும் ஸ்டோரில்தான் கொண்டுவந்து கிடத்தினோம். அவள் பாவாடையிலிருந்த ஏல வாசம் எனக்கு இன்றைக்கும் ஆகாது. பாயசத்தில் ஏலம் போட்டால் எழுந்து போய்விடுகிறேன். வீட்டில் காரணம் தெரியாது.

அந்த நோட்டு எங்கே போனதோ. படித்த பிள்ளைகள் எதையும் தூக்கி எறியமாட்டார்கள், ஏதாவது அலமாரியில் இருக்கும். பன்னிரண்டு வீட்டுக்கு நேராகக் கோணல் எழுத்தில் 'இல்லை' என்று இருந்தால் அது என் கை. அன்று ஸ்டோரில் கிடந்தது ஏழு பிள்ளைகளா எட்டா என்பது எனக்கு உறுதியில்லை. மாதமும் தவறாக இருக்கலாம். அந்த லயத்தில் இருந்தவர்கள் யாராவது உயிரோடு இருந்தால், கேட்டுச் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். ஐந்தாம் வீட்டுக்கு மட்டும் யாரையும் கேட்கவேண்டாம். ஒரு பிள்ளை, காய்ச்சல் உண்டு என்று எழுதுங்கள்.