பத்தொன்பது நாள்

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவளைச் சின்ன வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். அரசு வரி வழக்குப் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தனி மேசை கிடையாது. நான் டைப் அடிக்கும் மேசையின் ஓரத்தில்தான் கோப்புகளைப் பரப்பிக்கொள்வாள். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வேலை. பெரிய வக்கீல் நல்லதாக ஒரு குறிப்பு எழுதினால் உண்டு, இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவள் அப்பாவோ, தெருவில் யாரைப் பார்த்தாலும் "எம் பொண்ணு கவர்ன்மென்ட் வக்கீல்" என்று தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தார்.

பெரிய பெரிய வாதம் நடக்கும் என்று நினைக்கிறீர்களா? மண்ணாங்கட்டி. பாதி நாள் தாமத மனுதான். எங்கள் துறை மேல்முறையீட்டுக்கு இருநூறு நாள் தாமதித்தால், 'கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்ததால் தாமதம், மன்னிக்க வேண்டும்' என்று நான் டைப் அடிப்பேன். வியாபாரி ஒரு நாள் தாமதித்தாலும் சின்ன வக்கீல் எழுந்து "ஆட்சேபிக்கிறோம்" என்று சொல்ல வேண்டும். காரணம் பார்க்கக் கூடாது. அதுதான் வழக்கம்.

அன்று ஒரு பெயின்ட் கடைக்காரரின் மனு. பத்தொன்பது நாள் தாமதம். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனாள் என்று எழுதியிருந்தார். மனு தள்ளுபடியானால் அவர் சொல்வதை யாரும் கேட்கவே மாட்டார்கள், கடைக்குப் பூட்டுதான்.

கோப்பைப் புரட்டியவள் சட்டென்று நிறுத்தினாள். வரி உத்தரவைப் பெற்றுக்கொண்டதற்கான தபால் அட்டை. மேல்முறையீட்டுக் கெடு அந்த அட்டையில் உள்ள தேதியிலிருந்துதான் ஓடும். கையெழுத்துப் போடும் இடத்தில் கோணல்மாணலாக ஒரு பெயர், அதன் கீழே 'மூன்றாம் வகுப்பு'.

"அக்கா, இது குழந்த கையெழுத்து. சின்னப் புள்ளகிட்ட குடுத்தா குடுத்ததாவே கணக்கில்ல. அப்ப தாமதமே இல்லக்கா!"

பெரிய வக்கீலிடம் ஓடினாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அத அவங்க வக்கீல் கேக்கட்டும். நாம எதுக்கு எடுத்துக் குடுக்கணும்? அடுத்த மாசம் உனக்குக் குறிப்பு எழுதணும், ஞாபகம் இருக்குல்ல?"

கோப்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு நானும் கோர்ட்டுக்குப் போனேன். அட்டை எங்கள் கோப்பில் இருந்ததால் கடைக்காரரின் வக்கீலுக்கு அது தெரியாது. அவர் ஆஸ்பத்திரிச் சீட்டை மட்டும் நீட்டினார். சின்ன வக்கீல் எழுந்தாள். "ஆட்சேபிக்கிறோம்." தள்ளுபடி. அடுத்தது எங்கள் மனு, இருநூற்றுப் பன்னிரண்டு நாள் தாமதம். நீதிபதி மன்னித்துவிட்டார்.

வராந்தாவில் கடைக்காரர் மகளோடு நின்றிருந்தார். வீட்டில் விட ஆளில்லாமல் கூட்டிவந்திருக்கிறார். யார் எந்தப் பக்கத்து வக்கீல் என்பதுகூட அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. "இனிமே நான் எங்க போறதும்மா?" என்று இவளிடமே கேட்டார்.

அந்தப் பெண் குழந்தை முந்திக்கொண்டது. "தபால்கார மாமா கையெழுத்து போடச் சொன்னாங்க. நான்தான் போட்டேன். அம்மா வந்ததும் குடுக்கலாம்னு அந்தக் கவர அம்மா தலகாணிக்கு அடியில வச்சேன். அம்மா வரவே இல்ல. என்னாலதானா கடைய மூடுறாங்க?"

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் மனைவிதான் அதை வாங்கி வைத்ததாக அதுவரை நினைத்திருந்தார்.

"இல்லடா கண்ணு, உன் தப்பு இல்ல" என்றாள் சின்ன வக்கீல்.

"அப்ப யாரு தப்பு?"

உங்கள் வக்கீலிடம் சொல்லி அந்தத் தபால் அட்டையைக் கேட்கச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேல் கோர்ட்டுக்குப் போக இன்னும் வழி இருந்தது. வராந்தா முனையில் பெரிய வக்கீல் நின்றுகொண்டிருந்தார். அவள் குழந்தையின் தலையைத் தடவிவிட்டு நடந்துவிட்டாள்.

அடுத்த மாதம் குறிப்பு நல்லபடியாக வந்தது. அவள் அப்பா தெருவுக்கே சொன்னார். பெயின்ட் கடைக்குப் பூட்டு விழுந்தது. சின்ன வக்கீல் இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அவள்மேல் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது.

ஆத்திரப்பட எனக்கென்ன யோக்கியதை? வராந்தாவில் அவள் பக்கத்தில் நானும்தான் நின்றேன். எனக்கும் வாய் இருந்தது. அன்று காலை எதிர் மனுவை அடித்ததும் நான்தான். 'உத்தரவு முறைப்படி வழங்கப்பட்டது' என்ற வரியை, அந்த அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அடித்தேன். ஒரு பிழைகூட விழவில்லை.