பதினான்காம் வரிசை, அறுபத்திரண்டாவது செடி

வெர்னா ப்ரொகோப் புல்லுக்கு மார்க் போடுபவள். கனடாவின் சஸ்காட்செவனில் உள்ள புல் ஆராய்ச்சிப் பண்ணையில் முப்பத்தொரு வருடமாக அதுதான் வேலை. மாட்டுத் தீவனத்துக்கான புரோம் புல். மூவாயிரம் செடிகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மீட்டர். ஒரே தாயின் விதையில் முளைத்தவைகூட ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. மற்றவர்கள் நின்றபடியே பார்த்து, ஒன்று முதல் ஒன்பதுக்குள் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு நகர்வார்கள். வெர்னா மண்டியிட்டு, தூரைப் பிரித்து, அடியில் விரல் விட்டு, வேர் எப்படிப் படர்கிறது என்று துழாவித்தான் சொல்வாள். அந்த நிதானத்துக்காக அவளைக் கேலி செய்யாதவர்கள் பண்ணையில் இல்லை. அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதில்லை.

பதினான்காம் வரிசையில் அறுபத்திரண்டாவதாக நின்ற ஒரு நோஞ்சான் செடிக்கு அவள் எட்டு போட்டாள். புது ரகத்துக்குத் தாய்ச்செடி பொறுக்குகிற லயல், அவளோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவன். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இதுக்கா எட்டு? கண்ணாடியை மாத்து வெர்னா. பக்கத்துச் செடியைப் பாரு, எப்படிக் கொழுத்து நிக்குது."

"சுத்தி அவ்வளவு இடம் குடுத்தா எதுதான் கொழுக்காது? மேய்ச்சல் நிலத்துல நெருக்கியடிச்சுத்தானே வளரணும். நீ ஒத்தப் பிள்ளை, உனக்கு எங்க தெரியும். எங்க வீட்ல ஒன்பது பேரு. மேசையில முழங்கையை எங்க ஊணணும்னு தெரிஞ்சவனுக்குத்தான் சாப்பாடு."

லயல் எட்டை அடித்து நான்கு என்று எழுதிக்கொண்டான். வெர்னாவுக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலமே தன் செடியிலிருந்தும் லயலின் கொழுத்த செடிகள் ஆறிலிருந்தும் தூர் பிரித்து, களையும் குதிரைமசால் என்ற தீவனச் செடியும் மண்டிக்கிடந்த வேலியோரத்தில் நட்டு, ஆளுக்கொரு சிவப்புக் கொடி குத்தினாள்.

இரண்டு பனிக்காலம் போயிற்று. இந்த ஜூனில் உத்தரவு வந்தது: வியாழக்கிழமை வயலை உழுதுவிட வேண்டும். லயல் பொறுக்கிய இருபது செடிகள் மட்டும் தப்பும். செப்டம்பரில் வெர்னாவுக்குப் பணி ஓய்வு. அவளுடைய செடிக்கு இருந்தது ஒரே ஒரு நாள். புதன்கிழமை லயலை வேலியோரம் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போனாள்.

லயலின் ஆறு கொடிகளில் ஐந்தின் அடியில் வெறும் களை. ஆறாவதில் இரண்டு இலை மிச்சம். ஏழாவது கொடியைச் சுற்றி, குதிரைமசாலோடு தோள் உரசிக்கொண்டு, ஒரு தட்டு அகலத்துக்குப் பச்சென்று புரோம் புல்.

லயல் மண்டியிட்டான். தூரைப் பிரித்து விரல் விட்டுப் பார்த்தான்.

"இந்த மாதிரி எத்தனையை நான் தள்ளியிருப்பேன்?"

"மண்டி போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

"உழவை நிறுத்தச் சொல்றேன். மறுபடி மூவாயிரத்தையும் பார்க்கணும். செப்டம்பர்ல போயிடாத வெர்னா."

"மூவாயிரம் தடவையா? என் முட்டி என்னத்துக்கு ஆகும்?"

"பாதி நான் போடுறேன்."

வெர்னாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. முகத்தில் காட்டிக்கொள்ளவும் மனமில்லை.

வியாழக்கிழமை காலை டிராக்டர் கொட்டகையிலேயே நின்றது. வெர்னா வீட்டிலிருந்து முட்டிக்கு வைக்கும் மெத்தைகள் இரண்டு கொண்டுவந்தாள். நைந்துபோனதை லயலிடம் கொடுத்தாள்.