ஐந்து பேர், நான்கு நட்சத்திரம்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று எத்தனையோ வருடம் தள்ளிப்போட்டேன். குடும்ப விஷயமாயிற்றே என்ற தயக்கம்தான். இப்போது எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளில் நாங்கள் மணவாள நகரில் குடியிருந்தோம். வெள்ளிக்கிழமை நான் திருவாலங்காடு கோயிலுக்குக் கிளம்பினால், தெருவில் உள்ளவர்கள் தங்கள் வீட்டார் பேரும் நட்சத்திரமும் சொல்லி அனுப்புவார்கள். ஒன்றையும் எழுதிக்கொள்ள மாட்டேன். அப்படியே போய்க் குருக்களிடம் சொல்லி, அர்ச்சனை செய்து வருவேன்.

ஒரு நாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து பின்தலையில் அடிபட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை சன்னதியில் தட்டை நீட்டியபடி நிற்கிறேன், ஒரு பேர்கூட நினைவுக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து உள்ளதைச் சொன்னேன். நாத்தனார் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணிக்கு மண்டை கலங்கிப்போச்சுண்ணா. அவங்க அம்மா ஊட்டுல உட்டுட்டு வா. புள்ளைங்கள நான் பாத்துக்கிறேன்."

"மெட்ராஸ்ல மூளைய படம் எடுக்கிறாங்களாம். பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார் கணவர். நான் என் பிள்ளைகளோடு இருப்பதா இல்லையா என்பது அந்தப் படத்தின் கையில்!

ஆஸ்பத்திரியில் தலை முழுக்கப் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள். பக்கத்தில் ஒரு மிஷினில் பேனாக்கள் வரிசையாகக் காகிதத்தில் கோடு கிறுக்கின. டாக்டர் நம்பர்கள் சொல்வார். நான் வாய் திறக்காமல் மனசில் வைத்திருந்து, அவர் மேஜையைத் தட்டியதும் திருப்பிச் சொல்ல வேண்டும். ஐந்து நம்பரில் இரண்டுதான் வந்தது.

"பாத்தியாண்ணா?" என்றாள் வாசலில் நின்ற நாத்தனார்.

எனக்கு வந்ததே கோபம்! "டாக்டரய்யா, இந்த நம்பருங்கள்லாம் யார் ஊட்டுப் புள்ளைங்க? உங்க ஊட்டுப் பேருங்கள நட்சத்திரத்தோட சொல்லுங்க, அர்ச்சனைக்கு."

அவர் சிரித்துவிட்டு நாலு பேரை நட்சத்திரத்தோடு சொன்னார். ரோகிணி, பூசம், விசாகம், அவிட்டம். பக்கத்தில் நின்ற நர்ஸம்மா, "நான் வேதக்காரிம்மா, சர்ச்சுக்குப் போறவ. எனக்கு இன்னா நட்சத்திரம்?" என்றார்.

"பேரு போதும். சாமி கண்டுபிடிச்சுக்கும்."

அவரும் தன் பேரைச் சொன்னார். பேனாக்கள் ஓடின. டாக்டர் மேஜையைத் தட்டினார். ஐந்து பேரையும் பிசகாமல் சொன்னேன். சொல்லிவிட்டு வாசல் பக்கம் பார்த்து, "உன்னுது சித்திரை. அதையும் மறக்கல" என்றேன்.

படத்தில் கோளாறு இல்லை, அடிபட்ட அதிர்ச்சிதான், போகப்போகச் சரியாகும் என்று டாக்டர் என் கணவரிடம் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சன்னதியில் குருக்கள் பேர் கேட்டார். இத்தனை வருடத்தில் அங்கே ஒரு தடவைகூடச் சொல்லாத பேரை முதலில் சொன்னேன். என் பேர்.

இதை நீங்கள் யாருக்காவது சொல்வதானால், நான் நம்பரில் தோற்றதை விட்டுவிடாதீர்கள். நாத்தனாரைப் பொல்லாதவளாகவும் ஆக்கிவிடாதீர்கள். நடந்தபடியே சொல்லுங்கள். இன்றைக்கும் யாராவது என்னை அளக்க வந்தால், எதை வைத்து அளக்கிறீர்கள் என்று முதலில் கேட்கிறேன். அந்தத் தைரியத்தை ஆலங்காட்டு ஈஸ்வரன் எனக்கு அன்றைக்குத்தான் கொடுத்தான்.