திருச்சி சிங்கமும் ஐந்து நட்சத்திர நெய்யும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்ரீரங்கத்தில் ஓர் ஓட்டல் வாசலிலிருந்து நெய் வாசனைக்குப் பயந்து ஓடி வந்தேன். அன்றைக்கு அப்படி ஓடியது அது இரண்டாவது ஓட்டல்!

நெய்க்குப் பயப்படுகிற ஆளா நான்? வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா? எனக்கு சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு, பயம் மட்டும் கிடையாது. அன்றைய பயம் எனக்காக இல்லை. என் பக்கத்தில் காலையிலிருந்து சாப்பிடாமல் நின்றுகொண்டிருந்த ஓர் அம்மாவுக்காக. அந்த அம்மாவுக்கு வயிறு நிறைய வேண்டும். நிறைந்தால்தான் என் கடைக்குட்டி பொன்மணிக்குக் கல்யாணம்!

குழப்புகிறேனா? முதலிலிருந்து வருகிறேன்.

பொன்மணி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கிற கௌதமைப் பிடித்துவிட்டது என்றாள். பையனை வீடியோ காலில் பார்த்தேன். கண்ணைப் பார்த்துப் பேசினான். எனக்கும் பிடித்துவிட்டது. ஆளை எடை போடுகிற விஷயத்தில் நான் தவறியதே இல்லை. பையனுக்கு அப்பா இல்லை. அம்மா வசுமதி, சென்னையில் மாட்டு டாக்டர். "முதல்ல நான் மட்டும் வந்து உங்களையெல்லாம் பார்த்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டார்.

வாங்க என்றேன். ஆனால் வீட்டில் சாப்பாடு போட முடியாது. ஏன் என்று தெரியும்தானே? சம்பந்தம் முடிவாகும் வரை பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், சாப்பிடக் கூடாது. சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். வசுமதி அம்மா இதையெல்லாம் பார்க்கிறவர் இல்லை. ஆனால் அவருடைய மாமியார் பார்க்கிறவர். "எங்க வேணா போ, கை மட்டும் நனைச்சிடாதே" என்று சொல்லித்தான் ரயில் ஏற்றி அனுப்பினாராம்.

ஆகவே திட்டம் இது. காலையில் ஸ்ரீரங்கம் கோயிலில் சந்திப்பு. மத்தியானம் ஓட்டலில் சாப்பாடு. அப்புறம் பாலக்கரையில் வீட்டைப் பார்த்துவிட்டு ரயில்.

"அப்பா, ஆன்ட்டி வீகன். ஒரே ஒரு வேளை சாப்பாடுதான். அதை மட்டும் கெடுத்துடாதீங்கப்பா" என்று, லீவு போட்டு வந்திருந்த பொன்மணி முதல் நாளே கும்பிடாத குறையாகச் சொன்னாள்.

"வீகனா? யாருகிட்ட சொல்றே நீ?" என்று சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் இருந்தது. நான் ஐந்தாவதோடு ஸ்கூலை விட்டவன். மோட்டார் காயில் சுற்றக் கற்றுக்கொண்டு, இன்றைக்கு லால்குடி முதல் பச்சைமலை அடிவாரம் வரை பம்ப்செட் கொடுக்கிறேன். டாக்டர் சொன்னதால் கறி, மீனை நிறுத்தினேன். நிறுத்தியதுதான் நிறுத்தினோம், சைவத்துக்கு ஏதாவது தொண்டு செய்வோமே என்று தோன்றியது. சைவ ஓட்டல் தேடிக் கொடுக்கிற ஆப் ஒன்றைப் போனில் ஏற்றிக்கொண்டேன். எனக்கு டைப் அடிக்க வராது. அதனால் என்ன? மைக்கைத் தட்டிவிட்டுப் பேசினால் போனே எழுதிக்கொள்கிறது! திருச்சியில் அந்த ஆப்பைத் திறந்தால் பாதி ஓட்டலுக்கு என் விமர்சனம்தான் முதலில் நிற்கும். என் பெயர் அங்கே 'திருச்சி சிங்கம்'. ஆப்காரர்களே பார்த்து என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தங்கப் பதக்கம் குத்தியிருக்கிறார்கள். பி.இ. படித்த என் மூத்த மாப்பிள்ளைக்கு வெள்ளிகூட இல்லை.

ஒரு கடையைச் சேர்க்கும்போது ஆப் கேட்கும் — சைவமா, வீகனா? என் கணக்கு சுலபம். சாதாரண சைவத்தில் வெங்காயம், பூண்டு இருக்கும். அதைவிட ஒரு படி மேலே போய், வெங்காயம் பூண்டைக்கூட உள்ளே விடாத பரம சுத்தமான சைவம் இருக்கிறதே, அதுதான் வீகன். வேறு என்னவாக இருக்க முடியும்? ஸ்ரீரங்கத்தில் அப்படிப்பட்ட ஓட்டல் அத்தனைக்கும் ஒரே மூச்சில் வீகன் என்று டிக் போட்டுவிட்டேன். ஐந்து நட்சத்திரமும் கொடுத்தேன்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் ஓடினேன் என்று?

ஞாயிறு காலை பொன்மணியோடு கோயிலுக்குப் போனேன், எல்லாம் நன்றாகத்தான் போனது. வசுமதி அம்மா கலகலப்பான ஆள். கோயில் யானையைக் கும்பிடுவதற்கு முன்னால் அதன் கால் நகத்தைக் குனிந்து பார்த்தார். "நல்லா வச்சிருக்காங்க" என்று சான்றிதழ் கொடுத்தார். தரிசனம் முடிந்து வெளியே வந்ததும், "ஒரு வாழைப்பழத்தோட வந்திருக்கேன் சார், இனிமே தாங்காது" என்று போனை எடுத்தார். அதே ஆப்!

"பக்கத்துலயே ஒரு வீகன் ஓட்டல் காட்டுது. 'கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம், நான் பொறுப்பு'ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். திருச்சி சிங்கமாம்!"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சாப்பிட்டு முடித்ததும் சொல்லி அசத்தலாம் என்று அடக்கமாக இருந்துவிட்டேன். அடக்கம் எனக்குப் பழக்கமில்லாத விஷயம். ஆனால் அன்றைக்கு அதுதான் என்னைக் காப்பாற்றியது.

ஓட்டலில் மேனேஜர் நெற்றி நிறைய நாமத்தோடு வரவேற்றார். "வாங்கோ, உக்காருங்கோ. சூடா பொங்கல் இருக்கு. ஏழு தெருவுக்கு மணக்கும்."

"நெய் போட்டதா?" என்று கேட்டார் வசுமதி அம்மா.

மேனேஜருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "போட்டதாவா? மிதக்கும்! பசு நெய்யாக்கும்."

"ஐயோ, நெய் வேண்டாமே. சாப்பாட்டுல நெய் இல்லாம எது இருக்கு?"

"சாத்தமுது, அதான் ரசம்... அதுவும் நெய்யிலதான் தாளிக்கறது. கூட்டுலயும் மேல ஒரு கரண்டி விடுவோம். ததியோன்னம் இருக்கு, தயிர் சாதம்தான், பால் விட்டுப் பிசைஞ்சது. வெண்ணெயா இருக்கும்."

"பால், தயிர், வெண்ணெய், நெய் எதுவும் இல்லாம வேணும்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"மாமி, இது என்ன விரதம்? ஏகாதசிக்குக்கூட இப்படி ஒண்ணு கேள்விப்பட்டதில்லையே!" என்றவர், ஆறுதலாக ஒன்று சொன்னார். "ஆனா ஒண்ணு, வெங்காயம் பூண்டு நம்மகிட்ட வாசப்படியே ஏறாது."

"வெங்காயம் பூண்டு தாராளமா போடலாமே! எனக்கு ரெண்டும் ரொம்பப் பிடிக்கும்" என்றார் வசுமதி அம்மா.

அந்த நொடியில் எனக்குக் காயில் புகைந்துவிட்டது. பாலுமா? பால் சைவம் இல்லையா? மேசைக்கு அடியில் பொன்மணி என் காலை மிதித்தாள். "அப்பா... திருச்சி சிங்கம் நீங்கதானே?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். நான் தண்ணீர் குடித்தேன்.

அடுத்த தெருவில் இரண்டாவது ஓட்டல். அதுவும் சிங்கம் சிபாரிசு! வாசலிலேயே அக்காரவடிசலுக்கு நெய் காய்ச்சுகிற வாசனை எங்களைக் கட்டிப் பிடித்தது. உள்ளே போகாமலே திரும்பினோம். வசுமதி அம்மா ஒரு கடை நிழலில் நின்று நெற்றியைத் துடைத்தார். முகம் வெளுத்திருந்தது.

"இந்தத் திருச்சி சிங்கம் மட்டும் என் கையில கிடைக்கணும்... மாட்டுக்குப் போடற ஊசியைப் போட்டு விட்டுடுவேன்."

"போடணும்ங்க. இவனுங்களை எல்லாம் சும்மா விடக் கூடாது" என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன். முழங்கால் வலியால் கோயிலுக்கு வர முடியாத என் மனைவி, "என்னங்க, சாப்பிட்டாங்களா? திருப்தியா?" என்றாள். "சாப்பிட்டுக்கிட்டே இருக்காங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பொன்மணி என்னைத் தனியே இழுத்தாள். கண்ணில் தண்ணீர். "இப்படியே ரயில் ஏறினாங்கன்னா முடிஞ்சுதுப்பா. அத்தை மெஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

"மட்டன் மெஸ்ஸுக்கா! ஒரு வீகனையா!"

அத்தை என்பது என் தங்கச்சி கமலம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மெஸ் வைத்திருக்கிறாள். போர்டிலேயே ஆட்டுத் தலை படம். நான் சைவத் தொண்டில் இறங்கிய பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆப்பில் அவள் கடையைச் சேர்க்கவும் இல்லை. திருச்சி சிங்கத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறதல்லவா?

"அத்தை கடையில சமயபுரத்துக்கு மாலை போட்டவங்களுக்குத் தனி அடுப்புல சமைப்பாங்கல்ல? எல்லாம் எண்ணெய்தான். நெய் ஒரு சொட்டு கிடையாது" என்றாள் பொன்மணி. "ஆனா அத்தைன்னு சொல்லிடாதீங்க. சொன்னா அதுவே பொண்ணு வீட்டுல கை நனைக்கிற மாதிரி. மாமியார் பேச்சை மீறி அவங்க எப்படிச் சாப்பிடுவாங்க?"

வசுமதி அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "கடையில கறி இருந்தா இருக்கட்டும் சார், என் இலையில இல்லாம இருந்தா போதும். வண்டியை எடுங்க!" என்றார்.

கமலத்துக்குப் போன் போட்டேன். "ஒரு வி.ஐ.பி. அம்மாவைக் கூட்டிட்டு வரேன். நெய், பால், தயிர் எதுவும் இலையில படக் கூடாது. அப்புறம்... நீ என் தங்கச்சின்னு காட்டிக்காதே."

"ஏண்ணே, இன்னும் மானம் போகுதா?" என்று வைத்துவிட்டாள்.

காவிரிப் பாலத்தில் நான் காரை ஓட்டிய வேகத்துக்கு அபராதம் வந்தாலும் ஆச்சரியமில்லை. மெஸ்ஸில் ஓர் ஓரமாக இலை போட்டிருந்தாள் கமலம். பக்கத்து மேசையில் ஒருவர் நல்லி எலும்பைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வசுமதி அம்மா இலையை மட்டுமே பார்த்தார்.

சுடச்சுடச் சோறு. சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசு முழுசாகக் கிடக்கிற கத்தரிக்காய்க் காரக்குழம்பு, மேலே நல்லெண்ணெய் பளபளப்பு. முருங்கைக்கீரை. வாழைக்காய் வறுவல். முதல் வாய் வைத்ததும் அந்த அம்மாவின் முகத்துக்கு ரத்தம் திரும்பியதே... பம்ப்செட் மாட்டி முதல் தண்ணீர் கொட்டும்போது விவசாயி முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதே முகம்!

மூன்றாம் முறை குழம்பு வாங்கியபோது அவரே பேச்சை ஆரம்பித்தார். "இவ்வளவு நல்ல கடை! ஆப்ல ஏன் இல்லம்மா?"

நான் கண் ஜாடை காட்டினேன். பொன்மணி தலையை ஆட்டினாள். கமலம் யாரைப் பார்த்தாள்? அவளுக்கு எத்தனை நாள் கோபமோ!

"அதை ஏம்மா கேக்குறீங்க? எனக்கு ஒரு அண்ணன் இருக்காரு. ஊர்ல இருக்கிற கடையெல்லாம் போன்ல ஏத்துவாரு. தங்கச்சி கடையை மட்டும் ஏத்த மாட்டாரு. கேட்டா கௌரவமாம்!"

"யாரும்மா அந்த அண்ணன்?"

"இதோ, உங்க எதிர்ல உக்காந்து அப்பளத்தை நொறுக்கிக்கிட்டு இருக்காரே... திருச்சி சிங்கம்!"

குழம்புச் சோற்றோடு வசுமதி அம்மாவின் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். கமலத்தைப் பார்த்தார். பொன்மணியைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர்கூட எலும்பு தட்டுவதை நிறுத்திவிட்டார்.

"அப்போ நீங்க... பொன்மணிக்கு அத்தையா?"

"கூடப் பொறந்த அத்தைங்க" என்றாள் கமலம், நிமிர்ந்து நின்று.

"அப்போ இது பொண்ணு வீடு! என் மாமியார் படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினாங்களே..." என்று குழம்பு சொட்டுகிற கையைத் தூக்கிப் பார்த்தார். "இங்க பாருங்க, முழங்கை வரைக்கும் நனைச்சு வச்சிருக்கேன்!"

சிரிக்க ஆரம்பித்தார். புரையேறுகிற சிரிப்பு. கமலம் ஓடி வந்து அவர் தலையில் தட்டினாள். பொன்மணி சிரிக்கிறாளா, அழுகிறாளா என்றே தெரியவில்லை. சிரித்து முடித்துவிட்டு வசுமதி அம்மா இலையைக் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார்.

"அந்த ரசத்தை இப்படி ஊத்தச் சொல்லுங்க... சம்பந்தி!"

சம்பந்தி! எத்தனை பேர் எனக்குச் சால்வை போர்த்தியிருக்கிறார்கள். ஒன்றாவது இதற்கு ஈடாகுமா?

அங்கேயே இடது கையால் மாமியாருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம்.

"அத்தே, கை நனைச்சிட்டேன்."

"அடிப்பாவி! எதுல?"

"காரக்குழம்புல."

"பூண்டு போட்டதா?"

"முழுசு முழுசா."

"சரி சரி, வரும்போது எனக்கும் ஒரு டப்பா வாங்கிட்டு வா."

சாப்பிட்டு எழுந்ததும் சம்பந்தி அம்மா எனக்கு வீகன் பாடம் எடுத்தார். கறி மட்டுமில்லை, மாடு கொடுக்கிற பால், தயிர், நெய்யும் வீகனில் சேராதாம். ஐந்தாவதுக்கு மேல் நான் படித்த முதல் பாடம். அங்கேயே உட்கார்ந்து, ஸ்ரீரங்கம் ஓட்டல்கள் ஒவ்வொன்றிலிருந்தும் வீகன் டிக்கை எடுத்தேன். நட்சத்திரத்தை மட்டும் குறைக்கவில்லை. பொங்கல் என்ன பாவம் செய்தது? தப்பென்று தெரிந்த அந்த இடத்திலேயே திருத்துகிற தைரியம் எத்தனை பேருக்கு வரும் சொல்லுங்கள்?

ஆனாலும் ஒன்று யோசித்தேன். மேனேஜருக்குப் பூண்டு ஆகாது, சம்பந்திக்கு நெய் ஆகாது, எனக்குக் கறி ஆகாது. மூன்று பேருமே 'நான்தான் சுத்தம்' என்கிறோம். பாவம், ஆப்புக்கு எப்படித் தெரியும் யார் எந்தச் சுத்தம் என்று? அதற்குள் உட்கார்ந்து பேசுவது என்னைப் போன்ற சிங்கங்கள்தானே!

கடைசியில் கமலத்தின் மெஸ்ஸையும் சேர்த்துவிட்டேன். ஐந்து நட்சத்திரம். 'வீகன் சாப்பாடு கிடைக்குமா?' என்று ஆப் கேட்டது. 'கிடைக்கும், நான் பொறுப்பு' என்றேன்.

நம்பி வாருங்கள்... போர்டில் ஆட்டுத் தலை இருக்கும், அதைப் பார்த்துத் திரும்பிப் போய்விடாதீர்கள்!