மாமா வாங்கிய விமானம்

எங்கள் தர்மபுரிப் பக்கத்தில் வாடகை என்று சொன்னாலே முகம் சுருங்கிவிடும். மாப்பிள்ளை வாடகை வீட்டில் இருக்கிறான் என்றால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். கல்யாணத்துக்கு வாடகைக் காரில் போய் இறங்கினால், அது யார் வண்டி என்று பந்தியில் உட்கார்ந்து விசாரிப்பார்கள். இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே கடந்திருக்கிறேன். ஆனால் இந்தப் புத்தியை ஆகாயத்துக்கும் கொண்டுபோய், என் படிப்பைப் பாதியில் நிறுத்தினார்களே, அதை என்னால் இன்றுவரை சிரித்துக் கடக்க முடியவில்லை. எழுத உட்கார்ந்தாலே கோபம் வந்துவிடுகிறது. வரட்டும்.

நான் விமானி ஆகப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படிப்பு புத்தகத்தோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. இருநூறு மணி நேரம் பறந்திருந்தால்தான் சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் லைசென்ஸ் கிடைக்கும். அந்த மணிகளைப் பயிற்சிப் பள்ளியின் சின்ன விமானத்தில், மணிக்கு இவ்வளவு என்று வாடகை கட்டிப் பறக்க வேண்டும். அதற்காக அப்பா, கம்பைநல்லூர் போகிற ரோட்டோரம் இருந்த முக்கால் ஏக்கரை விற்றார். தக்காளி போட்டு, விலை இல்லாத வருஷத்தில் ரோட்டிலேயே கொட்டிவிட்டு வந்த மனுஷர் அவர். மகள் பறக்கட்டும் என்று அவர் விற்ற நிலம் அது. பணம் பேங்கில் இருந்தது. நான் கேட்கக் கேட்கப் பள்ளிக்குக் கட்டினார்.

முப்பது மணி நேரம் முடித்திருந்தேன். முதல்முறை தனியாக மேலே போன அன்று பக்கத்து சீட் காலியாக இருந்தது. இப்படி உட்கார், அப்படிப் பேசு, அங்கே போகாதே என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நிம்மதி எனக்கு வாய்த்ததில்லை. இறங்கி வந்து, சாவியைக் கொடுத்துவிட்டு, கேண்டீனில் இரண்டு பரோட்டா சாப்பிட்டேன். அந்த விமானம் யாருடையது என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை.

அந்த முறை லீவுக்கு ஊருக்கு வந்திருந்தபோதுதான் மாமா வீட்டுக்கு வந்தார். அம்மாவின் அண்ணன். மொரப்பூர் ரோட்டில் ஆபீஸ் போட்டு, மண் அள்ளும் பொக்லைன் வண்டிகளை வாடகைக்கு விடுகிறவர். சின்ன வயதில் அடுத்தவன் வண்டியில் டிரைவராக இருந்து, பிறகு கடனில் ஒரு வண்டி வாங்கி, அதிலிருந்து மேலே வந்தவர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு அனுபவத்தை வைத்துக்கொண்டு உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் தீர்ப்பு சொல்லுவார்.

காபியைக் கையில் வாங்கியபடியே அப்பாவிடம் ஆரம்பித்தார். "மணிக்கு இவ்ளோன்னு கட்டிட்டே இருந்தா கடைசில கையில என்னா மாப்ள நிக்கும்? ஒண்ணும் நிக்காது. அதே காசுல ஏரோப்பிளேனையே வாங்கிப்புட்டா? பெங்களூர் பக்கம் ஒண்ணு வெலைக்கு வருது. ரெண்டு சீட்டு. பாதி நான் போடறேன், பாதி நீங்க போடுங்க. பாப்பா ஓட்டி முடிச்சதும் வித்துப்புடலாம். போட்ட காசு அப்படியே வந்துரும்."

பாப்பா என்றது என்னைத்தான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

நான் பொறுமையாகத்தான் பேசினேன். "மாமா, நான் கட்டற வாடகையில பெட்ரோல், வாத்தியார், ரிப்பேர், இன்சூரன்ஸ் எல்லாம் அடக்கங்க. எறங்கினா சாவியக் குடுத்துட்டு வந்துருவேன். அப்பறம் அது என்னோட தலைவலி இல்ல. சொந்தமா வாங்கினா பறந்தாலும் செலவு, பறக்காட்டியும் செலவு. நிறுத்தி வெக்க கூரை போட்ட எடம் வேணும், அதுக்கே மாசா மாசம் வாடகை. வருசத்துக்கு ஒருக்கா பிரிச்சுப் பாத்து இஞ்சினியரு கையெழுத்துப் போடணும். இவ்ளோ நேரம் ஓடினா இஞ்சினையே கழட்டிப் புதுப்பிக்கணும்னு கணக்கு இருக்குது. வருசம் பூரா தெனமும் பறக்கறவங்களுக்குத்தான் சொந்த விமானம் கட்டும். எனக்கு வேண்டியது இருநூறு மணி நேரம். அதோட முடிஞ்சுது."

"வேல இல்லாத நாள்ல வாடகைக்கு உட்டுர்லாம் பாப்பா."

"உடக்கூடாதுங்க மாமா. சொந்த உபயோகத்துக்குன்னு பதிவு பண்ணினத வாடகைக்கு உட சட்டம் இல்ல. வெள்ள போர்டு காரு மாதிரி."

மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "வெள்ள போர்டுல வாடகைக்கு ஓட்டாதவன் நம்ம தர்மபுரில எவன் இருக்கறான்?" என்றார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அப்பா சிரித்ததுதான் எனக்கு வலித்தது. மச்சான் சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது. மகள் படித்திருக்கிறாள், படிக்கிற விஷயத்தைத்தான் சொல்கிறாள் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கக் கூடாதா?

பள்ளிக்குத் திரும்பியதும் வாத்தியாரிடம் கேட்டேன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அளந்துதான் பேசுவார். பயிற்சி மாணவி பறக்கும் மணி, பள்ளியின் பட்டியலில் உள்ள விமானத்தில் பறந்தால்தான் கணக்கில் ஏறும், வெளி விமானத்தில் எத்தனை நாள் பறந்தாலும் அது வெறும் ஊர் சுற்றல் என்றார். அதாவது, மாமா வாங்கப்போகும் விமானம் எதற்காக வாங்கப்படுகிறதோ, அதற்கு மட்டும் அது பயன்படாது. அன்றே அப்பாவுக்கு போன் செய்தேன்.

"மாமா எல்லாம் பேசிட்டாரும்மா," என்றார் அப்பா. "அட்வான்ஸும் குடுத்தாச்சு."

"நான் பறந்தா கணக்குல ஏறாதுப்பா. எதுக்கு வாங்கறீங்க?"

"அவரு நாலு எடம் பாத்தவரு. பேசி ஏத்திருவாரு."

பேசி ஏற்றிவிடுவாராம். தாலுகா ஆபீஸில் பட்டா மாற்றுவதைப் போல.

விமானம் வாங்கியாயிற்று. பெங்களூருக்கு வெளியே ஒரு கொட்டகையில் நின்றது. பூஜை போட இரண்டு காரில் போனோம், இரண்டும் மாமாவின் சொந்தக் கார். காற்றாடிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மூன்று சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மாமா பூசணிக்காயை எடுத்துச் சுற்றிக் கொட்டகை வாசலில் ஓங்கி உடைத்தார். தேங்காயும் உடைந்து நாலாபக்கமும் சிதறியது. உள்ளிருந்து இஞ்சினியர் ஓடி வந்து, "ஏன்ரீ இது?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். தரையில் ஒரு சில்லு கிடந்தாலும் காற்றாடி இழுத்துக்கொள்ளும் என்று அவர் கன்னடத்தில் கத்த, என் அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்கினாள். மாமா பொறுக்கவில்லை. போட்டோவுக்கு உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டார். பக்கத்து சீட்டில் அவர் மகன், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. இரண்டு சீட்தானே, எனக்கு எங்கே இடம்? நான் கீழே நின்று போட்டோ எடுத்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு பள்ளிக்குக் கட்டப் பணம் இல்லை. நிலத்துப் பணம் மொத்தமும் அந்தக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு மாசா மாசம் இட வாடகை வேறு, பாதியை அப்பா கட்டினார். என்னோடு சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக லைசென்ஸ் வாங்கி, வெள்ளைச் சட்டையில் தோள்பட்டைக் கோடு தெரிய படம் போட்டார்கள். நான் ஊருக்குத் திரும்பி வந்தேன். சும்மா வீட்டில் இருந்தால் மனசு கெட்டுப்போகும் என்று மாமாவே பெரிய மனது பண்ணி, தன் ஆபீஸில் போன் எடுக்கும் வேலை கொடுத்தார். வண்டி கேட்டு வருகிற போனை எடுத்து, எந்த ஊர், எத்தனை மணி நேரம் என்று எழுதி வைக்க வேண்டும். ஆகாயத்தில் மணி சேர்க்கப் போனவள், மண் அள்ளுகிற மணியை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நாள் பக்கத்தில் இருக்கும் இண்டூரில் இருந்து ஒரு விவசாயி நேரில் வந்தார். பழைய கிணற்றைத் தூர் வார வேண்டும். மணி வாடகையைக் கேட்டதும் அவருக்கு மலைப்பாகிவிட்டது. இவ்வளவு வாடகை கட்டுவதற்குப் பேசாமல் நாலு பேர் சேர்ந்து பழைய வண்டி ஒன்று வாங்கிவிடலாமா என்று கேட்டார்.

மாமா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எதுக்குங்க உங்களுக்கு அந்தத் தலைவலி? சொந்தமா வாங்கினா ஓடினாலும் செலவு, நின்னாலும் செலவு. டிரைவரு, டயரு, இன்சூரன்ஸ், சர்வீஸ். வருசம் பூரா வேல இருக்கறவனுக்குத்தான் சொந்த வண்டி கட்டும். உங்களுக்கு நாலு மணி நேர வேல. எங்க வாடகையில எல்லாமே அடக்கம். வேல முடிஞ்சா அனுப்பிட்டு நிம்மதியாத் தூங்குங்க."

என் கையில் இருந்த பேனா அப்படியே நின்றுவிட்டது. ஒரு வார்த்தை விடாமல் நான் சொன்னது. எங்கள் வீட்டில், காபி குடித்துக்கொண்டு, இவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்த அதே கணக்கு. அப்படியானால் இவருக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனையும் தெரிந்திருக்கிறது. தெரியாமல் செய்தார் என்று நானே சில ராத்திரி என்னைச் சமாதானம் பண்ணிக்கொண்டிருந்தேனே, அந்த சமாதானமும் போயிற்று.

விவசாயி போனதும் கேட்டேன். "மாமா, இதத்தான நானும் சொன்னேன்?"

அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை. "அது யாவாரம் பாப்பா," என்றார். "இது கௌரவம்."

அந்தக் கௌரவம் எப்படிப்பட்டது என்று அடுத்த மாதம் பார்த்தேன். மாமா தர்மபுரியில் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தார். தெரு முனையில் இருபதடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ். நடுவில் விமானம், ஒரு பக்கம் கைகூப்பி மாமா, இன்னொரு பக்கம் கறுப்புக் கண்ணாடியோடு அவர் மகன். நடுவில் இருந்த விமானம் நான் எடுத்த போட்டோதான். வந்தவர்கள் எல்லாரும் வீட்டைப் பார்ப்பதற்கு முன் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். வீடு கட்டின மேஸ்திரிக்குக்கூட அத்தனை மரியாதை கிடைக்கவில்லை.

சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார். "தாய்மாமன் சீருன்னு தட்டு தூக்கறவங்களப் பாத்திருப்பீங்க. நான் ஏரோப்பிளேனையே வெச்சுட்டேன். இனிமேட்டு பாப்பாவ வெளிய குடுத்துருவாங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். அவர் மகன் தலையைக் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. வாடகை கட்டிப் பறந்திருந்தால் நான் யாருக்கும் கடமைப்பட்டவள் இல்லை. சொந்தத்தில் வாங்கியதால் அதோடு சேர்த்து என்னையும் வாங்கியதாகக் கணக்கு. அதிலும் பாதி, என் அப்பாவின் நிலத்துக் காசு.

எழுந்து நின்றேன். "மாமா, சீர் வெக்கறவங்க அதுல பாதிக் காச பொண்ணோட அப்பாகிட்ட வாங்க மாட்டாங்க," என்றேன். "அந்த ஏரோப்பிளேன்ல பாதி எங்களுது. நான் ஒரு நாளும் அத ஓட்டல. உள்ள உக்காந்து போட்டோ புடிச்சது நீங்க, ரோட்டுல போர்டு வெச்சது நீங்க. அப்ப எங்க பாதிய நீங்கதான் வாடகைக்கு எடுத்திருக்கீங்க. உங்க ஆபீஸ்ல வாடகை எழுதறது நான்தாங்க. வாங்கின நாள்ல இருந்து மணிக்கணக்குப் போட்டு எங்கப்பாகிட்டக் குடுத்துருங்க."

மாமா வாயில் வெற்றிலையோடு என்னைப் பார்த்தார். பொம்பளப் புள்ளைக்கு வாயைப் பாரு என்று ஒரு அத்தை முணுமுணுத்தாள். அடுத்து என் அம்மா என்னை இழுத்து உட்காரவைப்பாள் என்று நினைத்தேன். அவள் அசையவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த அப்பாதான் எழுந்தார். தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, என் வாழ்நாளில் முதல்முறையாக, மாமாவின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"வித்துருங்க மச்சான்."

விற்றார்கள். போட்ட காசு அப்படியே வந்துவிடும் என்றார் அல்லவா, வரவில்லை. நின்ற இடத்தில் நின்றே விலை குறைந்திருந்தது. பங்காகக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனால் அங்கே மணி வாடகை ஏறியிருந்தது. என் வாத்தியாரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இப்போது பேங்க் கடனில் பறக்கிறேன், மிச்ச நாளில் பள்ளி ஆபீஸிலேயே வேலை பார்க்கிறேன். பாதிக்கு மேல் முடித்துவிட்டேன். மீதியையும் முடிப்பேன். மாமா எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அம்மாவுக்கு அதில் வருத்தம் உண்டு. எனக்குச் சொட்டுக்கூட இல்லை. அந்த ஃபிளெக்ஸை அம்மா கேட்டு வாங்கிவந்து ஆட்டுக் கொட்டாய்க்கு மேலே போட்டிருக்கிறாள். கெட்டியான ஷீட், மழை ஒழுகுவதில்லை.

போன மாதம் பள்ளிக்குத் திரும்ப மொரப்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, என்னை இன்னார் மகள் என்று அடையாளம் கண்டுகொண்டு, உங்க மாமா ஏரோப்பிளேன் வெச்சிருந்தாராமே என்று ஆசையாக விசாரித்தார்.

"அதுல எங்கெல்லாம் போய் வந்த கண்ணு?"

"எங்கயும் இல்லீங்க. அதுல நான் ஒருக்காகூட ஏறி உக்காந்ததில்ல."

"அட, சொந்தமா ஏரோப்பிளேன் இருந்துமா?"

"சொந்தமா இருந்ததாலதாங்க," என்றேன்.