எரு கேட்காத செடி

என் மனைவி குவைத்துக்குப் போவதற்கு முந்தின வாரம், நாகர்கோவிலில் ஒரு நர்சரியில் அந்தச் செடியை வாங்கினாள். ரோஜா வாங்கத்தான் போயிருந்தோம். இலையின் நுனி கொடிபோல நீண்டு, அதன் முனையில் மூடி வைத்த சின்னக் குடுவை தொங்கியது. உள்ளே விழும் பூச்சியைச் செடி தின்றுவிடும் என்றார் கடைக்காரர். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு செடி கண்ணில் படவில்லை. மழைத்தண்ணீர் மட்டும் விட வேண்டும், எரு போடவே கூடாது என்றும் அவர் சொல்லி அனுப்பினார்.

நான் வாழைத்தோட்டத்தில் வேலை செய்கிறவன். படிப்பு அஞ்சாம் வகுப்போடு நின்றது. எனக்குத் தெரிந்த செடியெல்லாம் எரு கேட்கும். ஒரு செடியைப் பட்டினி போட்டு வளர்ப்பது மனசுக்கு ஒப்பவில்லை. ஆனாலும் அவள் போன பிறகு, ஓட்டிலிருந்து வழியும் மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து மூடிவைத்து அதையே விட்டேன். பலாமர நிழலில் தொட்டியைத் தொங்கவிட்டேன். குடுவைகள் ஒவ்வொன்றாக வந்தன.

அவள் அங்கே ஒரு வீட்டில் வயசான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் போனில் முகம் பார்த்துப் பேசுவாள். எனக்குப் பொதுவாகவே பேச்சு வராது. சாப்பிட்டாயா, அங்கே வெயிலா என்று கேட்பதோடு சரி. செடிதான் கைகொடுத்தது. போனைக் குடுவைக்கு மேலே பிடிப்பேன். "இன்னைக்கு யாரு விழுந்தா?" என்பாள். கட்டெறும்பு என்பேன். ஒரு தடவை குளவி. "பேசாத ஆளுக்கு ஏத்த செடியாக்கும்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே வாரம் முழுக்க எறும்பு போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கேட்க நினைத்தது வேறு. எப்போது வருவாய் என்பது. இரண்டு வருஷம் என்று சொல்லிப் போனவள். அது முடிந்து மூன்றாவதும் பாதி போய்விட்டது. மகளின் நர்சிங் படிப்பு அவள் சம்பளத்தில்தான் நடக்கிறது. கேட்டால் குறை சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்று வாய் எழவில்லை.

இந்தப் பங்குனியில் வாழைக்குலை ஏற்றிய லாரியோடு கேரளத்துக்குப் போக வேண்டி வந்தது. செடிக்குத் தண்ணீர் விடும்படி அடுத்த வீட்டிலிருக்கும் அண்ணன் மனைவி, என் மைனியிடம் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் குடுவைகள் கருகிச் சருகாகத் தொங்கின. தொட்டியில் சாணி நாற்றம்.

"வெயில்ல வாடிக் கெடந்துது மக்கா. தண்ணி விட்டும் தெளியல்ல. பொறவு சாணியும் கடலைப் புண்ணாக்கும் ஊறவச்சு விட்டேன். அதுக்குத் தெளியாத செடி உண்டா?" என்றாள் மைனி.

அவளை என்ன சொல்ல? வயலும் தோட்டமுமாக இருக்கும் எங்கள் குடும்பத்தில், வாடின எதற்கும் அதுதான் மருந்து. மண்ணை மாற்றி, வேரை மழைத்தண்ணீரில் கழுவி நட்டுப் பார்த்தேன். பிழைக்கவில்லை, தண்டுவரை அழுகியிருந்தது.

வெள்ளிக்கிழமை போன் அடித்தது. எடுக்காமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். எடுத்து, வெறும் தொட்டியைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, மைனியைத் திட்டவும் இல்லை.

"செடி போனாப் போட்டு. இனி நம்ம என்னத்தப் பேச?" என்றாள்.

கேலியாகக் கேட்கவில்லை. அவளுக்கும் என்னைப் போலவே பேச்சு முட்டியிருக்கிறது, அவளும் அந்தக் குடுவையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் நின்றிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"நீ எப்ப வருவே?" என்று கேட்டுவிட்டேன்.

பின்னால் அந்த அம்மா இருமுவது கேட்டது.

"இதக் கேக்கதுக்கு இம்புட்டு நாளா?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "லீவு கேட்டுப் பாக்கேன். எனக்க வீட்டுக்காரரு என்னைத் தேடுகாருன்னு சொல்லியே கேக்கேன்" என்றாள்.

கேட்டிருக்கிறாளாம். அந்த வீட்டார் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது வெள்ளிக்கிழமை போன் எடுத்ததும் நான் முதலில் கேட்பது லீவு கிடைத்ததா என்றுதான். இன்னும் இல்லை என்று அவள் சொல்வாள். அடுத்த வாரமும் கேட்பேன்.